விளக்குக்குப் பதில் சொன்னேன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதியே கை பழகியவன் நான். கீழே வரும் நேரங்களில் பாதி அன்றைக்கு என் கையால் ஸ்டேஷன் டைரியில் எழுதியவை. அந்தப் பக்கத்தில் 6.42 என்று ஒரு வரி இருக்கிறது. நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். எதிரே காலி. என்ன எழுதுவது? இன்றுவரை தெரியவில்லை.

நான் ஸ்டேஷன் மாஸ்டர். சொந்த ஊரை விட்டு வெகு தூரம் வந்தவன். வந்து மூன்று வருடம். மனைவியும் மகளும் ஊரிலேயே இருந்தார்கள். குவார்ட்டர்ஸ் காலி இல்லை, காலி இல்லை என்றே ஆபீசில் மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார்கள். ஊருக்குப் போய்வர லீவும் கிடைக்கவில்லை. பாப்பாவை விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. "அப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால் ஓடிப்போய் போனை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவாளாம். மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்காது.

ஒருவழியாகப் போன குளிர்காலத்தில் வீடு கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 6.55 பாசஞ்சரில் இரண்டு பேரும் வந்து இறங்குவதாக ஏற்பாடு. ஞாயிறு எனக்கு வார விடுமுறை. ஆனால் மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அன்று மாலை டியூட்டி என் தலையில் விழுந்தது. அதைப் பற்றிக்கூட எனக்குக் கவலை இல்லை. கவலை எல்லாம் ஒன்றுதான். ஐந்து வயதுப் பிள்ளை என்னைப் பார்த்து மிரண்டு, அம்மா முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால்? அன்று இரண்டு தடவை சவரம் செய்தேன். சட்டையை மூன்று தடவை மாற்றினேன். ஆபீசில் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

ஸ்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வண்டி நிற்கும் சின்ன ஸ்டேஷன். ஆனால் பிளாட்ஃபாரம் மட்டும் ஊருக்குப் பொருந்தாத நீளம். காரணம் அதன் கடைசிக்கு அப்பால் மேட்டின் மேல் இருக்கிறது. சானடோரியம். காசநோய்க்கு மருந்து வராத காலத்தில் கட்டிய ஆஸ்பத்திரி. அப்போது காற்றும் ஓய்வும்தான் மருந்து. அதனால் கட்டிடம் முழுக்க நீள நீள வராந்தா. குளிரிலும் கட்டிலை வெளியே இழுத்துப்போட்டு நோயாளிகளைப் படுக்கவைப்பார்களாம். இந்த ஸ்டேஷனைத் திறந்ததே அவர்களுக்காகத்தான். வண்டியின் கடைசிப் பெட்டி அவர்களுடையது. பிளாட்ஃபாரத்தின் கடைசியில் அவர்களுக்கென்று தனி இரும்பு கேட். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் இறங்கி, அப்படியே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

மருந்து வந்தது. நோயாளிகள் குறைந்தார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். ஓடு, கதவு, ஜன்னல் எல்லாம் போய்விட்டன. கரண்ட் கிடையாது. கேட்டை முறுக்குக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. கம்பி துருப்பிடித்து கேட்டோடு கேட்டாக ஒட்டிவிட்டது.

இன்னொன்று. கேட்டிலிருந்து இருபது அடி தள்ளி, பிளாட்ஃபாரத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு உண்டு. எல்லா ஸ்டேஷனிலும் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில்தான் கோடு போடுவார்கள். இது குறுக்கே போகிறது. பராமரிப்புப் பட்டியலில் இருப்பதால் வருடா வருடம் பெயிண்ட் அடிக்கிறோம்.

தண்டவாள வேலைக்கு இருக்கும் எங்கள் பாயிண்ட்ஸ்மேனிடம் ஒருநாள் கேட்டேன். அவர் நடக்கும் வேகத்தைப் பார்த்து யாரோ 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"இது எதுக்குய்யா இந்தக் கோடு?"

"போன மாஸ்டர் அடிச்சாரு. அதுக்கு முந்தினவரும் அடிச்சாரு. நாமளும் அடிப்போம் சார். பெயிண்ட் என்ன நம்ம வீட்டுதா?"

அதோடு விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு மாலை 6.05க்கு எக்ஸ்பிரஸ் வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேன்."

"இப்பவா? ஆறு ஐம்பத்தஞ்சு வண்டி இருக்குய்யா."

"அதுக்குள்ள வந்துடுவேன் சார்."

"உன் வேகத்துக்கு அடுத்த ஞாயிறு வருவ."

அவர் சிரிக்கவில்லை. குனிந்த தலையோடு போய்விட்டார். இருட்டத் தொடங்கியிருந்தது.

6.25க்குப் பக்கத்து ஸ்டேஷன் வண்டியை அனுப்ப லைன் கேட்டது. கொடுத்தேன். 6.31க்கு வண்டிக்குப் பாதை போடப் பொத்தானை அழுத்தினேன். பேனலில் விளக்கு வரவில்லை. தண்டவாளம் பிரியும் இடத்தை நாங்கள் பாயிண்ட் என்போம். அது முழுசாகப் பொருந்தி மூடினால்தான் பேனலில் விளக்கு வரும். விளக்கு வந்தால்தான் சிக்னல் கொடுக்க முடியும். இல்லையென்றால் வண்டி வெளியே இருட்டில் நிற்கும். என் பிள்ளை வரும் வண்டி.

மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன். இல்லை. வழக்கமாக ஒரு ஜல்லிக்கல் இடுக்கில் மாட்டியிருக்கும். எடுத்துப்போட்டால் சரியாகிவிடும். அது எக்ஸ்பிரஸின் வேலை. அவருக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

6.34க்குப் பேனல் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கைவிளக்கை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன்.

பிளாட்ஃபாரம் முடிந்து இன்னும் நூற்றைம்பது அடி நடக்க வேண்டும். சுற்றி ஒன்றுமில்லை. குளிர். என் பூட்ஸ் ஜல்லியில் மிதிபடும் சத்தம் மட்டும். பாயிண்ட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். விளக்கைக் கீழே இறக்கி இடுக்கில் காட்டினேன். இருந்தது. முட்டை அளவுக் கல். நெம்பி எடுத்து வீசினேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஆபீசிலிருந்து பார்த்தால் மேடு தெரியாது. மரம் மறைக்கும். இங்கிருந்து நேரே தெரிந்தது. சானடோரியத்தின் மேல் வராந்தாவில்... ஒரு விளக்கு.

மஞ்சள் வெளிச்சம். இடமும் வலமுமாக ஆடியது. மெதுவாக. ஒரே சீராக.

மணி பார்த்தேன். 6.42.

எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஒருவர் நம்மைப் பார்த்து விளக்கு ஆட்டினால் நாமும் ஆட்ட வேண்டும். டிரைவர் ஆட்டுவார், நாம் ஆட்டுவோம். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு ஆட்டுவார், நாம் ஆட்டுவோம். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். பதினொரு வருட சர்வீஸ். தூக்கத்தில் என் முன்னால் விளக்கு ஆட்டினாலும் என் கை எழும். அது மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

குந்தியபடியே... என் விளக்கைப் பக்கவாட்டில் ஆட்டினேன்.

மேலே விளக்கு நின்றது.

அப்படியே. அந்தரத்தில்.

பிறகு ஆடத் தொடங்கியது. இந்த முறை மேலும் கீழும். வேகமாக. கையில் விளக்கை வைத்துக்கொண்டு ஒரு ஆள் சந்தோஷத்தில் குதித்தால் எப்படி ஆடும்? அப்படி.

அணைந்தது.

யாரோ ஊர்ப் பையன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். எழுந்தேன். முட்டியை நீட்டிச் சோம்பல் முறித்தேன். திரும்பிப் பார்த்தேன்.

விளக்கு மறுபடியும் தெரிந்தது. இப்போது வராந்தாவில் இல்லை. அதற்குக் கீழே. படியில்.

ஒரு படி இறங்கியது. நின்றது. ஒரு படி இறங்கியது. நின்றது...

இறங்கி வருகிறது.

நான் ஓடவில்லை. ஆனால் மெதுவாகவும் நடக்கவில்லை.

6.46. ஆபீஸ். பொத்தானை அழுத்தினேன். பேனலில் விளக்கு வந்தது. சிக்னல் கொடுத்தேன்.   அடுத்த நிமிடம் எக்ஸ்பிரஸ் உள்ளே வந்தார்.

"எங்கய்யா போன? பாயிண்ட்ல கல்லு மாட்டிக்கிச்சு. நானே போய் எடுத்தேன்."

"நீங்களா சார்? இப்பவா?"

"ஏன், மாஸ்டருக்குக் குனிய வராதா?"

அவர் முகம் மாறியது. "மேட்டுப் பக்கம் பார்த்தீங்களா சார்?"

"யாரோ விளக்கு ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன்."

எக்ஸ்பிரஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடத்தில் என் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பதில் சொல்லிட்டீங்களா..."

"யாருக்குய்யா பதில்?"

"அந்த விளக்குக்கு யாரும் பதில் சொல்றதில்ல சார். ஞாயித்துக்கிழமை இந்த நேரத்துல நான் லைன்லயே நிக்கறதில்ல. நீங்க ஞாயிறு இருக்கவே மாட்டீங்கன்னு சொல்லாம விட்டுட்டேன்."

"என்ன உளர்ற?"

"வண்டி வரட்டும் சார். அம்மாவையும் பாப்பாவையும் நேரா வீட்டுக்கு அனுப்பிடுங்க. பிளாட்ஃபாரத்துல நிக்க விடாதீங்க. முக்கியமா பாப்பாவ."

"ஏன் பாப்பாவ?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் வெளியே ஒரு சத்தம்.

க்ளக்.

இரும்பு. பிளாட்ஃபாரத்தின் கடைசியிலிருந்து.

க்ளக்... க்ளக்...

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மணி 6.51. சத்தம் நின்றது. தூரத்தில் வண்டியின் ஹாரன் கேட்டது. அந்த ஹாரனைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

6.55. சரியான நேரத்துக்கு வண்டி நின்றது. நடுப் பெட்டியிலிருந்து முதலில் ஒரு பை இறங்கியது. பிறகு இன்னும் நான்கு பை. பிறகு என் மனைவி.

"இப்படியா இளைச்சுப் போவீங்க? யாரு சமைச்சுப் போடறது, இவரா?" என்று எக்ஸ்பிரஸைக் காட்டினாள்.

"நான் சமைச்சா உயிரோட இருப்பாரா அம்மா?" என்றார் அவர். வாய் பேசியது. கண் பிளாட்ஃபாரத்தின் கடைசியிலேயே இருந்தது.

பாப்பா கடைசியாக இறங்கினாள். சிவப்பு ஸ்வெட்டர். என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். ஒளிந்துகொள்ளவில்லை.

"நீங்கதான் போன் அப்பாவா?"

 தலையை மட்டும் ஆட்டினேன். குனிந்து தூக்கப் போனேன். அதற்குள் கார்டு விசில் கொடுத்துவிட்டார். வண்டி கிளம்பும்போது ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கோடு நிற்க வேண்டும். அது விதி.

"ஒரே நிமிஷம் பாப்பா. இங்கயே நில்லு."

மூன்று வருடம் கழித்து நேரில் பார்த்த பிள்ளையிடம் நான் பேசிய முதல் பேச்சு இது.

6.57. வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி என்னைத் தாண்டியது. கார்டு பச்சை விளக்கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். திரும்பினேன்.

மனைவி இருந்தாள். எக்ஸ்பிரஸ் இருந்தார். ஐந்து பைகளும் இருந்தன.

பாப்பா இல்லை.

"பாப்பா எங்க?"

"உங்க பின்னாடிதானே வந்தா?"

முதலில் தண்டவாளத்தைத்தான் பார்த்தேன்.  விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பார்த்தேன். தண்டவாளம் சுத்தமாக இருந்தது.

7.00. வெயிட்டிங் ரூம். இல்லை.

7.02. கழிப்பறை. பார்சல் ரூம். இல்லை. மனைவி பெயரைச் சொல்லிக் கத்தினாள். கத்திக்கொண்டே ரோட்டுப் பக்கம் ஓடினாள்.

7.05. எக்ஸ்பிரஸ் என் கையைப் பிடித்தார்.  கையை நீட்டிக் காட்டினார்.

பிளாட்ஃபாரத்தின் கடைசி.

அங்கே மூன்று ட்யூப் லைட். இரண்டு எப்போதும் எரியாது. மூன்றாவது விட்டு விட்டு எரியும்.

எரிந்தது.

சிவப்பு ஸ்வெட்டர்.

அணைந்தது.

எரிந்தது.

எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். கேட்டைப் பார்த்து. இரண்டு காலின் கட்டைவிரலும் வெள்ளைக் கோட்டைத் தொட்டபடி. ஒரு இம்மிகூடத் தாண்டவில்லை. வலது கை மேலே தூக்கியிருந்தது. டாட்டா காட்டுகிற மாதிரி... ஆனால் மெதுவாக. ஒரே சீராக.

ஓடினேன்.  

பக்கத்தில் போகப் போக வாசனை. ஃபினாயில். அதோடு மண்ணெண்ணெய்.

அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"ம்."

கொஞ்சம் அமைதி.

"சாப்பிட்டேன்."

அமைதி.

"அஞ்சு."

அமைதி. கேட்டுக்குப் பின்னால் இருட்டில் ஒரு இருமல். ஆழத்திலிருந்து. ஈரமாக. அடக்கி அடக்கி... அடக்க முடியாமல்.

"அதான் வந்துட்டேன்ல," என்றாள் என் மகள்.

அவளை அள்ளி எடுத்தேன்.

கேட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். முறுக்குக் கம்பி அப்படியே இருந்தது. துருவோடு. ஒரு முறுக்குகூட அவிழவில்லை. பின்னால் யாரும் இல்லை. ஆனால் கேட்டின் இரண்டு கம்பிகள், ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில்... அதிர்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு நேரம் பிடித்திருந்த கையை அப்போதுதான் எடுத்த மாதிரி.

7.08.

பாப்பா அழவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"நான் தாண்டல அப்பா."

"எதை?"

"கோட்டை. தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கிட்ட வந்தா இருமல் ஒட்டிக்குமாம்."

"யாரு சொன்னா?"

கேட்டைக் காட்டினாள்.

"வேற என்ன சொன்னாங்க?"

"நீ வளரவே இல்லையேன்னு சொன்னாங்க."

அன்று ராத்திரி வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். பாப்பா மட்டும் தூங்கினாள். நான் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

காலையில் எக்ஸ்பிரஸ் என்னை அவர் மாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் வீடு. அந்த அம்மா சானடோரியத்தில் வார்டு ஆயாவாக இருந்தவர். எழுபது வயதுக்கு மேல். கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா மாஸ்டரே. இவன்கூடவா நடந்து வந்த? அப்ப முந்தாநேத்தே கிளம்பியிருப்பீங்களே."

"அத்தை, விளையாட்டு வேணாம். சார் விளக்குக்குப் பதில் சொல்லிட்டாரு."

ஆயா ரிமோட்டைத் தேடி டி.வி.யை அணைத்தார். என்னைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"விளக்கை எந்த உயரத்துல பிடிச்ச?"

எனக்குப் புரியவில்லை. குந்தி உட்கார்ந்து காட்டினேன். கையை நீட்டினேன். தரையிலிருந்து இரண்டரை அடி இருக்கும்.

ஆயா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பார்வையாளர் நாள் ஞாயிறு. சின்னப் பிள்ளைகளை மேலே விட மாட்டார்கள். நோய் ஒட்டிவிடும். பிள்ளைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம், நோயாளிகள் கேட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் இருபது அடி. கால் மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். படி இறங்க முடியாத நோயாளிகள் மேலே வராந்தாவில் நின்று அரிக்கேன் விளக்கை ஆட்டுவார்கள். வீட்டிலிருந்து வந்தவர்கள் லைன் பக்கம் நின்று பதிலுக்கு ஆட்டுவார்கள். வந்திருக்கிறோம், நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். பல பேருக்கு நாளாக நாளாக யாரும் வருவதில்லை. ஸ்டேஷனில் சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் போடும் லேம்ப்மேன் ஒருவர் இருந்தாராம். மனசு கேட்காமல் அப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் அவரே ஆட்டிவிடுவாராம்.

"அதுல ஒருத்தி," என்றார் ஆயா. "என் வார்டுதான். ஒரே பொண்ணு அவளுக்கு. அஞ்சு வயசு. இவ வந்து சேர்ந்த ஆறாம் மாசம் ஊர்ல குழந்தை செத்துப்போச்சு. இவகிட்ட சொல்ல வேணாம், தாங்க மாட்டான்னு வீட்டுக்காரன் டாக்டருக்கு எழுதிட்டான். அவனும் வர்றத நிறுத்திட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. லேம்ப்மேன்தான். ஞாயிறு ஆனா பாயிண்ட்கிட்ட போய்க் குந்திக்குவாரு. குழந்தை பிடிச்ச மாதிரி தாழ்வா விளக்கை ஆட்டுவாரு. ரெண்டு வருஷம். அவ அந்த விளக்கைப் பார்த்துத்தான் கஞ்சி குடிச்சா. எங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லல."

அந்த லேம்ப்மேனுக்கு ஒரு வியாழக்கிழமை மாற்றல் வந்தது. போய்விட்டார். வேறு யாருக்கும் அந்த வேலையைச் செய்யத் தோன்றவில்லை. அந்த ஞாயிறு பதில் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு அவள் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூன்று மாதமாக வராந்தாக் கட்டிலில் படுத்தபடியே விளக்கு ஆட்டியவள்.

"கேட்டு திறந்திருந்ததா?" என்று கேட்டேன்.

"பூட்டியிருந்துச்சு. அது விதி." ஆயா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "பூட்டினவ நான்தான். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. யாரோ கேட்டைப் பிடிச்சு ஆட்டற சத்தம் கேட்டுச்சு. காத்துன்னு நினைச்சேன். மழை வேற. காலையில போய்ப் பார்த்தா கம்பியைப் பிடிச்ச பிடி விடல. விரலை ஒவ்வொண்ணா எடுத்தோம்."

ஆயா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமும் விளக்கு வரும், போகும். நாங்க பதில் சொல்லல. பயத்துல இல்ல மாஸ்டரே. இன்னொரு தடவை பொய் சொல்லக் கூடாதுன்னு."

எக்ஸ்பிரஸ் மெதுவாகக் கேட்டார். "இப்ப என்ன அத்தை ஆகும்?"

"எனக்கு என்னடா தெரியும்? இதுவரைக்கும் பொய்யான பதில்தான் கிடைச்சுது அவளுக்கு. நேத்து நிஜமாவே ஒரு குழந்தை வந்து நின்னுருக்கு."

டவுனுக்குப் போய் பாப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சு சுத்தம். இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. டாக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

மனைவி புதன்கிழமை காலை 10.15 வண்டிக்குக் கிளம்பிவிட்டாள். நான் தடுக்கவில்லை. ஐந்து பையில் மூன்றைப் பிரிக்கவே இல்லை. பாப்பா ஜன்னலில் உட்கார்ந்து, "அப்பா, போன்ல வாங்க" என்றாள். பச்சை விளக்குக்கு வேலை இல்லை, பகல். பச்சைக் கொடியைக் காட்டினேன். அன்றைக்கு என் கை எழவே மாட்டேன் என்றது.

அடுத்த ஞாயிறு மாலை டியூட்டியை நானே கேட்டு வாங்கினேன். எக்ஸ்பிரஸும் நானும் பாயிண்ட்கிட்ட போய் நின்றோம். விளக்கு கொண்டுபோகவில்லை. 6.40... 6.42... 6.50.

ஒன்றும் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஊரில் விஷயம் பரவியது. ஆயாவே தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். "போய்ட்டா போல," என்றார். எக்ஸ்பிரஸ் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் விசிலடித்துக்கொண்டு லைனில் நடந்ததை இந்த ஊர் முதல் தடவையாகப் பார்த்தது. எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பள்ளி லீவு விட்டதும் இரண்டு பேரையும் திரும்ப வரச்சொல்லலாம் என்று நினைத்தேன். அதைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம். திங்கட்கிழமை. காலை 5.50க்குப் போன். மனைவி.

"என்ன இவ்வளவு காலையில?"

"ராத்திரி பூரா தூங்கலைங்க."

"பாப்பா?"

"தூங்கறா. இப்ப நல்லாத்தான் இருக்கா..." நிறுத்தினாள். "இப்ப."

"என்ன ஆச்சு, சொல்லு."

"வந்ததுலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா டார்ச் எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவா. விளையாடறான்னு விட்டுட்டேன். நேத்து பின்னாடியே போய்ப் பார்த்தேன்."

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஓரத்துல நின்னுக்கிட்டு டார்ச்சை ஆட்டறா. எதிர்ல ஒண்ணுமே இல்லைங்க. வெறும் இருட்டு. விழுந்துடப் போறான்னு கூப்பிட்டுக்கிட்டே கிட்டப் போனேன். திரும்பினா."

"என்ன சொன்னா?"

"பொறந்ததுலேர்ந்து என்னை வா போன்னுதான் கூப்பிடுவா..." அழத் தொடங்கினாள். "நேத்து நீங்கன்னு சொன்னா."

"என்ன சொன்னா, சொல்லு."

"'கிட்ட வராதீங்க. அங்கயே நில்லுங்க. நீங்க என்கூட நிக்கறதைப் பார்த்தா எங்க அம்மா அழுவாங்க'ன்னு சொன்னா."